சோலார் பம்ப் டெண்டரில் இறங்கலாமா? கன்சல்டிங் நேர்காணலுக்கான ஒரு கேஸ் பிரசன்டேஷன்: முழு ஆய்வு

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைக்கான நேர்காணலில் ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து விடை கேட்பார்கள்; அதற்குப் பெயர் கேஸ். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் எதிரே இருப்பவர் கேள்வியை வாயால் சொல்வார்; அவரோடு பேசிப் பேசியே விடைக்கு வர வேண்டும். மற்றதில் கையில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துத் தனியறையில் உட்கார வைப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் ஐந்து ஸ்லைடு தயாராக வேண்டும். முதல் வகைக்கு எல்லோரும் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் கடைசிச் சுற்றுகளில் வருகிறது. அதற்குத் தனியாகத் தயாராகிறவர்கள் குறைவு. "பவர்பாயின்ட் தெரியும், சமாளித்துவிடலாம்" என்று போய் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாவது வகையில் ஒரு பயிற்சிக் கேஸ். நிறுவனம் கற்பனை, அதன் கணக்கு எண்களும் பயிற்சிக்காக அமைத்தவை. தொழிலும் அரசுத் திட்டமும் நிஜம்.

கேள்வி

கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் செய்யும் குடும்ப நிறுவனம். ஆண்டு விற்பனை ரூ. 240 கோடி. மானியத்தில் விவசாயிகளுக்கு வழங்கப்படும் சோலார் பம்ப் டெண்டர்களில் இறங்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. மூன்றாம் ஆண்டு முடிவில் விற்பனை ரூ. 400 கோடியைத் தொட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் இலக்கு. இறங்கலாமா? இறங்கினால் எப்படி? அதிகபட்சம் 5 ஸ்லைடு, 15 நிமிடப் பேச்சு, 20 நிமிடக் கேள்வி பதில்.

கையில் கொடுத்த காகிதக் கட்டில் 28 பக்கம். தலைவர் கடிதம் 2 பக்கம், மூன்று ஆண்டு லாப நட்டக் கணக்கு, பொருட்பட்டியல், நிர்வாக அமைப்புப் படம், ஏற்றுமதி விவரம், ஊழியர் விலகல் விகிதம், மாநில வாரியான சோலார் பம்ப் எண்ணிக்கை, டெண்டர் விதிகளிலிருந்து 3 பக்கம், போட்டியாளர்களின் வர வேண்டிய பாக்கி அட்டவணை, வங்கிக் கடிதம், விற்பனை மேலாளர், நிதி மேலாளர், ஒரு டீலர் ஆகியோருடன் நடந்த உரையாடல் குறிப்பு. இதில் 10 பக்கம் விடைக்கு எந்த வகையிலும் உதவாது. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

துறையைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். 2019-ல் தொடங்கிய மத்திய அரசின் குசும் திட்டத்தில், தனியாக நிறுவப்படும் சோலார் பம்புக்கு 7.5 எச்பி வரை மானியம் உண்டு. பொதுவான பங்கீட்டில் மத்திய அரசு 30%, மாநில அரசு குறைந்தது 30%, மீதி விவசாயி. மகாராஷ்டிரத்தின் திட்டத்தில் பொதுப் பிரிவு விவசாயி கட்டுவது 10% மட்டுமே. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம் என்பதால், இணைப்பு வைத்திருக்கும் விவசாயிக்கு சோலாருக்கு மாற அவசரம் இல்லை. பம்பு தயாராவது கோவையில் என்றாலும், பெரிய சந்தை மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கம் இருப்பதற்கு இது ஒரு காரணம். டெண்டர் எடுப்பவர் பம்பை நிறுவிக் கொடுத்து, 5 ஆண்டு பராமரிப்பும் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்க வேண்டும்: பம்பு போவது விவசாயியின் வயலுக்கு, பணத்தில் பெரும்பகுதி வருவது அரசிடமிருந்து. வாங்குபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்று இருக்கும் எந்த வியாபாரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது பணம் எப்போது வரும் என்பதை. இந்தத் துறை அறிவைப் பேச்சில் ஒரு வாக்கியத்துக்கு மேல் காட்ட வேண்டாம். கட்டில் உள்ள எண்ணும் உங்கள் பொது அறிவும் மோதினால் கட்டில் உள்ள எண்ணே செல்லும்.

இரண்டு மணி நேரத்தைப் பிரிப்பது

முதல் 10 நிமிடம் கேள்வியையும் பக்கத் தலைப்புகளையும் மட்டும். அடுத்த 25 நிமிடம் வாசிப்பு. 10 நிமிடம் கணக்கு இல்லாமலேயே ஒரு தற்காலிக விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. 30 நிமிடம் அந்த விடையை உடைக்கப் பார்க்கும் கணக்கு. 30 நிமிடம் ஸ்லைடு. கடைசி 15 நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பார்ப்பதும், எண்களை ஒருமுறை சரிபார்ப்பதும்.

இதில் எல்லோரும் வெட்டுவது கடைசி 15 நிமிடத்தை. எல்லோரும் நீட்டுவது வாசிப்பை. 28 பக்கத்தையும் வரி வரியாகப் படித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு கணக்கு அரைகுறையாகி, ஸ்லைடில் கட்டின் சுருக்கம் மட்டுமே மிஞ்சும். கட்டைக் கொடுத்தவர்களுக்கே அதைச் சுருக்கிச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

வாசிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: வருமானம், செலவு, ரொக்கம். எதிலும் சேராத பக்கத்தைக் குப்புறப் போட்டுவிடுங்கள். பொருட்பட்டியல், ஊழியர் விலகல், ஏற்றுமதி, நிர்வாக அமைப்பு எல்லாம் முதல் சுற்றிலேயே ஒதுங்கிவிடும்.

ஒதுக்கக் கூடாத இரண்டு இடங்கள் உண்டு: அடிக்குறிப்பும், கடிதத்தின் கடைசிப் பத்தியும். இந்தக் கேஸின் முடிச்சு இரண்டுமே அங்கேதான். டெண்டர் விதிப் பக்கத்தின் அடிக்குறிப்பு, 5 ஆண்டு பராமரிப்புச் செலவு ஒப்பந்த விலைக்குள் அடக்கம் என்கிறது. தலைவர் கடிதத்தின் இரண்டாம் பக்கக் கடைசியில், 400 கோடிக் கனவெல்லாம் எழுதி முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு வரி: வங்கி வரம்பை உயர்த்துவதற்காகக் குடும்பச் சொத்தை மறுபடி அடமானம் வைக்க விருப்பமில்லை. இலக்கு முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது, கட்டுப்பாடு இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

ஒரு பம்புக்கான கணக்கு

மொத்தக் கோடிகளில் தொடங்காமல் ஒரு பம்பில் தொடங்க வேண்டும். 5 எச்பி சோலார் பம்ப் ஒன்றுக்கு, வரி நீங்கலாக, டெண்டர் விலை ரூ. 2,80,000. இன்னொரு பக்கத்தில் வரி சேர்த்த விலையும் இருக்கிறது. அதை எடுத்துக் கணக்குப் போட்டால் லாபம் ஊதிப்போகும். இரண்டு விலை கண்ணில் பட்டால், எந்த விலை என்பதை அந்த நிமிடமே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவு: 5 எச்பிக்கு 4,800 வாட் பேனல், வாட்டுக்கு ரூ. 25 வீதம் 1,20,000. பம்பும் மோட்டாரும் சொந்தத் தயாரிப்பு, 35,000. கன்ட்ரோலர் 30,000. இரும்புச் சட்டம் 28,000. போக்குவரத்தும் நிறுவுவதும் 25,000. ஆக 2,38,000. மீதி 42,000, அதாவது 15%.

இப்போதைய தொழிலில் நிறுவனத்தின் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம், 11%. ஆகவே 15 பெரிது என்று தோன்றும். விற்பனை மேலாளரின் குறிப்பும் இந்த 15% எண்ணோடு நின்றுவிடுகிறது. பலருடைய ஸ்லைடும் இங்கேயே நின்றுவிடும். உண்மையில் 11-ஐயும் 15-ஐயும் ஒப்பிடவே கூடாது. ஒன்று நிர்வாகம் உட்பட எல்லா இயக்கச் செலவும் கழிந்தது, மற்றது நேரடிச் செலவு மட்டும் கழிந்தது.

மேலே போவோம். பராமரிப்பு ஆண்டுக்கு 3,000 வீதம் 5 ஆண்டுக்கு 15,000. மீதி 27,000. டெண்டர் அலுவலகம், மாநிலக் குழு, களப் பரிசோதனை எல்லாம் பம்புக்கு 7,000. மீதி 20,000, சுமார் 7%.

இனி ரொக்கம். டெண்டர் விதியில் 60 நாளில் பணம் என்று இருக்கிறது. போட்டியாளர்களின் பாக்கி அட்டவணையில் சராசரி 150 நாள். விதியில் எழுதியிருப்பது ஒன்று, நடந்திருப்பது இன்னொன்று என்றால் நடந்திருப்பதையே எடுக்க வேண்டும். ஏன் எடுத்தோம் என்பதை ஸ்லைடின் அடியில் சிறியதாக எழுத வேண்டும். சரக்கு இருப்பு 40 நாள். பேனல் விற்பவர் தரும் கடன் 10 நாள் மட்டும். ஆக 150 + 40 – 10 = 180 நாள் பணம் வெளியே நிற்கும்.

திட்டம் ஆண்டுக்கு 5,000 பம்ப், அதாவது ரூ. 140 கோடி விற்பனை. 140 × 180 ÷ 365 = சுமார் ரூ. 69 கோடி. 10% வட்டிக்கு ஆண்டுக்கு 6.9 கோடி, பம்புக்கு 13,800. இருந்த 20,000-ல் இது போனால் மீதி 6,200. விலையில் 2.2%. மொத்தமாக ஆண்டுக்கு ரூ. 3.1 கோடி.

15-ல் தொடங்கி 2.2-ல் முடிகிறது. இந்தச் சரிவுதான் பிரசன்டேஷனின் நடு ஸ்லைடு.

வங்கி வரம்பு

நிறுவனத்தின் கேஷ் கிரெடிட் வரம்பு, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வங்கி அனுமதித்த கடன், 60 கோடி; பயன்பாடு 38 கோடி. 22 கோடி மிச்சம் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் இப்போதுள்ள தொழில் ஆண்டுக்கு 6% வளர்கிறது என்று கட்டிலேயே இருக்கிறது. 240 கோடி, மூன்று ஆண்டில் 286 கோடி ஆகும். அதில் பணம் வெளியே நிற்கும் சுழற்சி 70 நாள். இப்படி வெளியே நிற்கும் பணத்துக்குப் பெயர் நடைமுறை மூலதனம். இன்று 46 கோடியாக இருக்கும் அது அன்று 55 கோடி ஆகும். அந்தக் கூடுதல் 9 கோடியும் இதே 22-லிருந்துதான் போகும். ஆண்டு லாபத்திலிருந்து சேரும் பணம் பழைய இயந்திரங்களை மாற்றவும் கடன் தவணைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்கிறது நிதி மேலாளரின் குறிப்பு. ஆகவே புதிய தொழிலுக்குக் கிடைப்பது 13 கோடி. தேவை 69. பள்ளம் 56 கோடி.

56 கோடிக்கு வங்கி ஈடு கேட்கும். ஈடு வைக்க விருப்பமில்லை என்று தலைவர் எழுதிவிட்டார். பணம் 150 நாளுக்குப் பதில் 90 நாளில் வந்தாலும் தேவை 46 கோடி. அப்போதும் 33 கோடி குறையும். விடை லாபத்தை வைத்து முடிவாவதற்கு முன்பே ரொக்கத்தை வைத்து முடிவாகிவிடுகிறது.

"வேண்டாம்" என்பது மட்டும் விடை ஆகாது

இவ்வளவு தூரம் வந்தவர்களில் பலர் "டெண்டரில் இறங்க வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்டது இரண்டு கேள்வி, இரண்டாவது "எப்படி". டீலர் உரையாடலில் ஒரு துப்பு இருக்கிறது: டெண்டர் எடுக்கும் சோலார் நிறுவனங்களில் பல சொந்தமாகப் பம்பு செய்வதில்லை, வெளியில் வாங்குகின்றன. அப்படியானால் டெண்டர் எடுக்காமல், எடுத்தவர்களுக்குப் பம்பும் மோட்டாரும் விற்கலாம்.

கட்டின்படி இந்தச் செட்டின் விலை 45,000, அடக்கம் 35,000. ஆண்டுக்கு 12,000 செட் விற்றால் 54 கோடி விற்பனை, 12 கோடி மீதி. கூடுதல் நிர்வாகச் செலவு 1.5 கோடி. பாக்கி 75 நாள், சரக்கு 50, நாம் தர வேண்டியதில் 40. ஆக 85 நாள், 12.6 கோடி. கிடைக்கும் 13 கோடிக்குள் மயிரிழையில் அடங்குகிறது. வட்டி 1.26 கோடி கழித்தால் ஆண்டுக்கு ரூ. 9.2 கோடி. ஆலையின் உற்பத்தித் திறன் 2.1 லட்சம் பம்ப். இப்போது விற்பது 1.6 லட்சம். பழைய தொழில் வளர்ந்து 1.91 லட்சமானாலும் இந்த 12,000-க்கு இடமிருக்கிறது. இதைச் சரிபார்க்காமல் மேலே போக வேண்டாம், நிச்சயம் கேட்பார்கள்.

டெண்டரில் 140 கோடி விற்று 3.1 கோடி. செட்டாக விற்றால் 54 கோடி விற்று 9.2 கோடி. ஆனால் மூன்றாம் ஆண்டு மொத்த விற்பனை 286 + 54 = 340 கோடிதான். டெண்டர் வழியில் 426 கோடி. தலைவர் கேட்ட 400-ஐ நம் பரிந்துரை தொடவில்லை. இதை மறைக்காமல் முதல் ஸ்லைடிலேயே சொல்ல வேண்டும். கடைசியில் அவராகக் கண்டுபிடித்தால், ஏதோ ஒளித்தது போலாகிவிடும்.

ஒரு தலைகீழ்க் கணக்கும் போட்டு வைக்கலாம். டெண்டர் வழி 9.2 கோடி தர வேண்டுமென்றால் பணம் எத்தனை நாளில் வர வேண்டும்? வட்டிக்கு முன் டெண்டர் தருவது 10 கோடி. அதனால் வட்டி 0.8 கோடியைத் தாண்டக் கூடாது. மூலதனம் 8 கோடியைத் தாண்டக் கூடாது. சுழற்சி சுமார் 20 நாள். சரக்கே 40 நாள் நிற்கும்போது, பம்பை நிறுவுவதற்கு 10 நாள் முன்பே அரசு பணம் கட்டினால்தான் அது நடக்கும். இந்த ஒரு வரி, அறையில் இருக்கும் எவருக்கும் நான்கு அட்டவணையைவிடச் சீக்கிரம் புரியும்.

ஐந்து ஸ்லைடு

ஒவ்வொரு தலைப்பும் ஒரு முழு வாக்கியம். "நிதி ஆய்வு" என்று தலைப்பு வைத்த ஸ்லைடு எதையும் சொல்வதில்லை. ஐந்து தலைப்பையும் வரிசையாகப் படித்தாலே வாதம் முழுதும் புரிய வேண்டும்:

1. டெண்டரில் இறங்க வேண்டாம்; டெண்டர் எடுப்பவர்களுக்குப் பம்ப் விற்கலாம். விற்பனை 340 கோடி, கூடுதல் லாபம் 9.2 கோடி.
2. டெண்டரில் 15% போலத் தெரியும் லாபம் பராமரிப்பும் வட்டியும் போக 2.2% ஆகிறது.
3. டெண்டருக்கு 69 கோடி நடைமுறை மூலதனம் வேண்டும். கையில் இருப்பது 13 கோடி.
4. செட் விற்பனை மூன்று மடங்கு லாபம் தரும், இருக்கும் வங்கி வரம்புக்குள் அடங்கும்.
5. முதல் 90 நாளில் மூன்று வாங்குபவர்கள், முதல் ஆண்டில் 3,000 செட். பாக்கி 90 நாளைத் தாண்டினால் சப்ளை நிற்கும்.

இரண்டாம் ஸ்லைடில் படிக்கட்டு போல இறங்கும் ஒரே ஒரு சார்ட். இடது ஓரத்தில் 42,000, வலது ஓரத்தில் 6,200, நடுவில் பராமரிப்பு 15,000, நிர்வாகம் 7,000, வட்டி 13,800. 2,80,000-லிருந்து தொடங்கினால் பேனல் செலவு சார்ட்டையே விழுங்கி, நாம் காட்ட விரும்பும் மூன்று படியும் கோடுகளாகச் சுருங்கிவிடும். எண்களைப் பட்டையின் மேலேயே எழுதுங்கள், பக்க அளவுகோலை எடுத்துவிடுங்கள். வட்டிப் படிக்கு மட்டும் நிறம், மற்றவை சாம்பல். அடியில் ஒரு வரி: "ஆதாரம்: கட்டு பக்கம் 17, 19, 22, பாக்கி 150 நாள் என்பது போட்டியாளர் சராசரி."

சில அலுவலகங்களில் கணினி தராமல் வெற்றுத் தாளும் பேனாவும்தான் தருவார்கள். அப்போது முதலில் ஐந்து தாளிலும் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு படத்துக்குப் போங்கள். நேரம் தீர்ந்துபோனாலும் வாதம் தாளில் இருக்கும். கணினி என்றாலும் இதே வரிசைதான். எழுத்து 14 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். அனிமேஷன் வேண்டவே வேண்டாம்.

அலகு விஷயத்தில் கவனம். கட்டில் லாப நட்டக் கணக்கு லட்சத்திலும் வங்கிக் கடிதம் கோடியிலும் இருக்கிறது. நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும். கோடியில் கணக்குப் போட்டுவிட்டு வாயில் மில்லியன் என்று மாற்றிச் சொல்லப் போய் ஒரு சைபரைத் தொலைப்பவர்கள் ஏராளம். 1 கோடி 10 மில்லியன். கேட்பவர்கள் இந்தியர்கள் என்றால் கோடியிலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

பேச்சு

15 நிமிடத்தில் முதல் ஸ்லைடுக்கு 2, அடுத்த இரண்டுக்கும் 4 வீதம், நான்காவதுக்கு 3, கடைசிக்கு 2. உண்மையில் இரண்டாவது ஸ்லைடிலேயே யாராவது குறுக்கிடுவார். அதற்காகப் பதற வேண்டாம், "பிறகு வருகிறேன் சார்" என்றும் தள்ள வேண்டாம். அப்போதே இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு ஸ்லைடுக்குத் திரும்பலாம். நேரம் போய்விட்டால் நான்காவது ஸ்லைடைச் சுருக்குங்கள், ஐந்தாவதை விடாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

"நான் முதலில் சந்தையைப் பார்த்தேன், பிறகு போட்டியைப் பார்த்தேன்" என்று செய்த வேலையின் வரலாற்றைச் சொல்வது பரவலான பழக்கம். பள்ளித் தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைத்த நினைவு போலிருக்கிறது. இங்கே தலைவருக்கு முடிவு வேண்டும், வழிமுறை கேட்டால் மட்டும்.

கேள்விகள்

நேர்காணல் குழு நம்மைச் சோதிப்பது கடைசி 20 நிமிடத்தில். இந்தக் கேஸில் வரக்கூடியவை ஓரளவுக்கு முன்கூட்டியே தெரிந்தவைதான்.

"பேனல் விலை வாட்டுக்கு 3 ரூபாய் குறைந்தால்?" 4,800 × 3 = பம்புக்கு 14,400. 5,000 பம்புக்கு 7.2 கோடி. டெண்டர் லாபம் 10.3 கோடியாகி நம் பரிந்துரையை முந்திவிடும். இதை நேராக ஒப்புக்கொள்ள வேண்டும். உடனே மறுபக்கம்: 3 ரூபாய் ஏறினால் பம்புக்கு 8,200 நஷ்டம், ஆண்டுக்கு 4.1 கோடி. டெண்டர் விலை நிலையானது, பேனல் விலை நம் கையில் இல்லை. விலை இறங்கினால் அடுத்த டெண்டரில் எல்லோரும் விலையைக் குறைப்பார்கள். ஏறினால் அந்தச் சுமை நமக்கு மட்டும். தவிர, 56 கோடிப் பள்ளத்தைப் பேனல் விலை பெரிதாகக் குறைக்கப் போவதில்லை.

"சப்ளையர்களுக்குப் பணம் தாமதமாகக் கொடுத்தால் என்ன?" கோவையில் வார்ப்பும் உதிரிபாகமும் செய்து தருபவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு நிறுவனங்கள். அவர்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி கெடு தாண்டினால், கொடுக்கும் ஆண்டில்தான் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியும். அதுவரை அதற்கு வரி கட்ட வேண்டும். நிறுவனம் இப்போதே 40 நாள் எடுக்கிறது. இழுப்பதற்கு இடமில்லை. கட்டில் இல்லாத இந்த ஒரு தகவல், துறையை வெளியிலிருந்தும் பார்த்திருக்கிறார் என்று காட்டும். அதற்கு மேல் சட்டப் பாடம் எடுக்க வேண்டாம்.

"புதிய தகவல் தருகிறேன். ஒப்பந்தத் தொகையில் 10% பிடித்து வைத்து, ஆண்டுக்கு 2% வீதம் 5 ஆண்டில் விடுவிப்பார்கள். என்ன ஆகும்?" இது மனக்கணக்குச் சோதனை. 140-ல் 10% 14 கோடி. முதல் ஆண்டு முடிவில் 14. இரண்டாம் ஆண்டு புதிய 14, பழையதில் மீதி 11.2. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டில் 14 + 11.2 + 8.4 + 5.6 + 2.8 = 42 கோடி முடங்கும். அதை அப்படியே 69-ல் கூட்டிவிடக் கூடாது. 150 நாள் கணக்கு இனி 90% தொகைக்கு மட்டும்தான், அதில் சுமார் 6 கோடி குறையும். ஆகத் தேவை 105 கோடியைத் தொடும். சத்தமாகக் கணக்குப் போடுங்கள். இடையில் பிழை வந்தாலும் அவர்கள் திருத்துவார்கள். மௌனமாக ஒரு நிமிடம் யோசித்துத் தவறான எண்ணைச் சொன்னால் திருத்த வழியில்லை.

இதையெல்லாம்விடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. "டெண்டர் எடுத்தவர்களுக்கே அரசு பணம் தரத் தாமதிக்கிறது. அவர்கள் உங்களுக்கு 75 நாளில் எப்படித் தருவார்கள்?"

பரிந்துரையின் அஸ்திவாரத்தையே தட்டும் கேள்வி இது. நல்ல நேர்காணல் குழு இதைக் கேட்காமல் விடாது. 75 நாள் என்ற எண் விற்பனை மேலாளரின் குறிப்பிலிருந்து வந்தது. பழைய பில் எதுவும் அதை உறுதி செய்யவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 120 நாள் ஆனால் சுழற்சி 130 நாள், தேவை 19 கோடி. கையில் உள்ள 13-ஐத் தாண்டிவிடும். லாபம் 8.6 கோடியாகக் குறையும். அப்போதும் டெண்டரின் 3.1-ஐவிட மேல். ஆனால் ரொக்கம் இடிக்கும். அதனால்தான் முதல் ஆண்டிலேயே 12,000-க்குப் போகாமல் 3,000 செட்டில் தொடங்குவதும், 90 நாள் லெட்டர் ஆஃப் கிரெடிட் (பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உத்தரவாதம்) கேட்பதும், ஒரே வாங்குபவருக்கு 4 கோடிக்கு மேல் பாக்கி ஏறவிடாததும் ஐந்தாம் ஸ்லைடில் இருக்கின்றன. 8,000 செட்டில் நிறுத்தினால் 120 நாளிலும் தேவை 12.8 கோடி, வரம்புக்குள் அடங்கும், லாபம் 5.2 கோடி.

இரண்டு வழிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. செட் விற்பனையில் பணம் வரவில்லை என்றால் அடுத்த லாரியை நிறுத்தலாம். டெண்டரில் வேலை ஆணை வாங்கிய பிறகு நிறுத்தினால் அபராதம், வைப்புத்தொகை பறிமுதல், அடுத்த டெண்டரில் தடை. பாக்கி வராமலேயே 5 ஆண்டு பராமரிப்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இதைச் சொன்ன பிறகு குழுவில் ஒருவர் தலைவர் வேடத்தில், "அப்படியென்றால் என் 400 கோடி?" என்று கேட்பார். 340 கோடி என்பது இருக்கும் வரம்புக்குள், சொத்தை ஈடு வைக்காமல் எட்டக்கூடியது. மீதி 60 கோடிக்கு இரண்டு வழிதான்: வெளி முதலீட்டாளரைச் சேர்ப்பது, அல்லது ஆறாம் ஆண்டுக்குக் காத்திருப்பது. பழைய தொழில் இதே 6% வளர்ந்தால் ஆறாம் ஆண்டில் 340 கோடி. செட் விற்பனை 54-லேயே நின்றாலும் மொத்தம் 394, கிட்டத்தட்ட அவர் இலக்கு. ஆனால் அதற்கு ஆலையின் 2.1 லட்சம் பம்ப் திறன் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு. அதை அவரிடமே கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.